லீவன்ஹாக் கண்ட நீர்த்துளி

கோடைக்காலத்தில் குளத்து நீர் பசுமை பூத்துக் கலங்கி நிற்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். பாசி பிடித்துவிட்டது என்று கூறிவிட்டு நாம் அப்பால் செல்கின்றோம். ஹாலந்து நாட்டில், டெல்ஃப்ட் நகருக்கு அருகே, பெர்கெல் ஏரியின் நீரும் கோடைதோறும் அவ்வாறே மாறுவதுண்டு. பனி பெய்வதனால் அவ்வாறு ஆகிறது என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. 1674ஆம் ஆண்டில் ஒருவர் மட்டும் அந்நீரில் சிறிது ஒரு கண்ணாடிச் சிமிழில் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார். அவரே ஆன்டனி வான் லீவன்ஹாக்.

1632இல் கூடை முடைபவர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், துணிக்கடை நடத்தினார். பின்னர் நகராட்சியில் ஒரு சிறு பதவியும் வகித்தார். பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்தவர் அல்லர். அக்காலத்து அறிஞர்களின் மொழியாகிய லத்தீனும் அவருக்குத் தெரியாது. ஆயினும், சிறு வில்லைகளைச் செய்வதில் அவருக்கு இணையானவர் எவரும் இலர்.

அவருடைய கருவி மிக எளியது. இரண்டு சிறு உலோகத் தகடுகள். அவற்றின் இடையே ஒரு சிறு கண்ணாடி வில்லை. காண வேண்டிய பொருளைத் தாங்க ஓர் ஊசி. அதனை நகர்த்தத் திருகுகள். உள்ளங்கையில் அடங்கும் இக்கருவியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, ஒளியை நோக்கிப் பார்த்தல் வேண்டும். இன்று எஞ்சியுள்ளவற்றுள் சிறந்தது பொருளை ஏறத்தாழ 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகின்றது.

இக்கருவியின் வழியே ஏரி நீரை நோக்கியபோது, பாம்பு போல் சுருண்ட பச்சை இழைகளைக் கண்டார். அவற்றினிடையே எண்ணற்ற சிறு உயிர்கள் மேலும் கீழும் சுழன்று திரிந்தன. பாலாடைக்கட்டியின் மேல் ஊரும் நுண்பூச்சிகளைக் காட்டிலும் அவற்றுள் சில ஆயிரம் மடங்கு சிறியவை என அவர் மதிப்பிட்டார். ஒற்றைச் செல் உயிர்களைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள தொடக்கக் குறிப்புகளுள் இது தலையாயது.

1676 அக்டோபரில், லண்டனிலுள்ள ராயல் சொஸைட்டிக்கு அவர் ஒரு நீண்ட மடல் வரைந்தார். மழைநீரில் கண்டவை, மணி போன்ற உடலும் சுருங்கி விரியும் வாலும் கொண்ட உயிர்கள் முதலிய பலவும் அதில் இடம்பெற்றன. இவ்வுயிர்கள் வானத்திலிருந்து மழையோடு இறங்குகின்றனவா என்ற ஐயம் அவருக்கே எழுந்தது. தூய பீங்கான் தட்டு ஒன்றை, தரையின் சேறு தெறிக்காதவாறு உயர்த்தி வைத்தார். முதலில் விழுந்த நீரைக் கொட்டிவிட்டு, மீண்டும் மழைநீரை ஏந்தினார். அந்நீரில் உயிர் எதுவும் தென்படவில்லை. சில நாட்கள் கழித்தே அவை தோன்றின. எனவே, அவை மழையோடு வரவில்லை என்று முடிவு செய்தார்.

மிளகு ஏன் உறைக்கின்றது என்ற கேள்வியும் அவரை விடவில்லை. அதன் துகள்கள் முள் போல் நாவைக் குத்துகின்றனவோ என்று எண்ணி, மிளகை நீரில் ஊறவைத்துப் பார்த்தார். முள் எதுவும் புலப்படவில்லை. ஆனால், அந்நீரில் அதுவரை கண்டவற்றினும் மிகச் சிறிய உயிர்கள் மொய்த்தன.

ஒரு துளி நீரில் பல லட்சம் உயிர்கள்! இதனை லண்டன் அறிஞர்கள் எங்ஙனம் நம்புவர்? போதகர்கள் உள்ளிட்ட எட்டுப் பேர் தம் கண்ணால் கண்டதாக எழுதிக் கொடுத்த சான்றுகளை லீவன்ஹாக் அனுப்பினார். ஆனால், தம் வில்லை செய்யும் முறையையும், மிகச் சிறந்த கருவியைக் கையாளும் வகையையும் வெளியிட மறுத்தார். சான்றிதழ் எத்துணை வந்தாலும், தாமே கண்டாலன்றி ஒப்புவதில்லை என்பது சொஸைட்டியின் நெறி. சோதிக்கும் பொறுப்பு ராபர்ட் ஹூக்கிடம் வந்தது. நுண்பெருக்கியால் கண்டவற்றை 1665இல் அழகிய படங்களுடன் நூலாக வெளியிட்டவர் அவர். முதல் முயற்சிகள் பலிக்கவில்லை. மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய்களில் மிளகு நீரை ஏற்றி, தம் கருவியையும் செம்மைப்படுத்திய பின், 1677 நவம்பர் 15 அன்று அவ்வுயிர்கள் புலப்பட்டன. கூடியிருந்த உறுப்பினர்களும் கண்டனர். துணி வணிகரின் சொல் அன்றுதான் அறிவியல் உண்மையாயிற்று. 1680இல் அவர் அச்சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தொண்ணூறு வயது வரை வாழ்ந்து, 1723இல் லீவன்ஹாக் காலமானார். அவர் சொஸைட்டிக்கு அளித்த 26 வெள்ளி நுண்பெருக்கிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காணாமற்போயின. தாம் கண்டவை ஒற்றைச் செல்லால் ஆனவை என்பதை அவர் அறியார். 1838இல் கூட, ஜெர்மானிய அறிஞர் எரன்பெர்க், அவற்றிற்குப் பெரிய விலங்குகளைப் போன்றே முழு உறுப்புகள் உண்டு என்று வாதிட்டார். செல் கொள்கை பிறந்த பின்னரே, 1845இல், சீபோல்டு அவற்றை ஒற்றைச் செல் உயிர்கள் என வகுத்தார். இடைப்பட்ட அந்நெடுங்காலத்தில், மிகச் சிறிய உயிர்களை லீவன்ஹாக்கின் தெளிவோடு கண்டவர் மிகச் சிலரே. மறைத்த முறை அவரோடு மறைந்ததும் இதற்கு ஒரு காரணமாகும்.

அம்முறைதான் யாது? யூட்ரெக்ட் நகரில் பாதுகாக்கப்படும் அவருடைய ஆற்றல்மிக்க கருவியை, தகடுகளைப் பிரிக்காமலே, நியூட்ரான் கதிர்களைச் செலுத்தி ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டனர். உள்ளே இருந்தது கண்ணாடி இழையை உருக்கிச் செய்த ஒரு சிறு மணியே. அது ராபர்ட் ஹூக் அனைவரும் படிக்குமாறு எழுதிவைத்த முறையை ஒத்திருந்தது.

நேயர்களே, வாழ்நாள் முழுதும் லீவன்ஹாக் காத்த மறைபொருள், அவருடைய கூற்றை மெய்ப்பித்த ஹூக்கின் ஏட்டிலேயே இருந்தது! லீவன்ஹாக்கின் பொறுமையும் கூர்த்த பார்வையும் ஐயமின்றிப் போற்றத்தக்கவை. எனினும், அவர் கண்டது அவரோடு மறையாமல் நிலைத்ததற்கு, மற்றொருவர் அதே துளியை வேறொரு கருவியால் கண்டதே காரணம். தாம் கண்டதைப் பிறரும் காணுமாறு செய்தலே அறிவியலின் அறம்.