அருணாசலப் பிரதேசப் பழங்குடியினரிடையே அபின்

இந்தியாவின் வடகிழக்கு மூலையில், சீன, மியான்மர் எல்லைகளுக்கு அருகிலுள்ள லோகித், அஞ்சாவ், சாங்லாங் முதலிய மாவட்டங்களில் மிஷ்மி, சிங்போ, காம்தி, தாங்சா ஆகிய பழங்குடியினரிடையே அபின் பழக்கம் பல தலைமுறைகளாக நிலவுகிறது. அபின் இங்கே போதைப்பொருள் மட்டுமன்று. மருந்தாகவும் விருந்தோம்பலாகவும் கூலியாகவும் புழங்கிவந்துள்ளது.

சமவெளியில் தொடக்கம்

பிரம்மபுத்திரா சமவெளியில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அபின் பரவத் தொடங்கியது. 1826இல் யாந்தபோ உடன்படிக்கையால் அசாம் ஆங்கிலேயர் வசமானது. 1860இல் அரசு, குடியானவர்கள் அபின் தரும் கசகசாச் செடி பயிரிடத் தடை விதித்தது. ஆனால் அரசு அபின் விற்பனை தொடர்ந்தது. பயிர் போனது, பழக்கம் நீடித்தது. வருவாய் அரசுக்குச் சேர்ந்தது. இந்தத் தடையும், வெற்றிலை பாக்குக்கும் வரி வரும் என்ற பேச்சும் சேர்ந்து, 1861இல் நகாவ் பகுதியின் புலகுரியில் உழவர் கிளர்ச்சியாக வெடித்தன. அதில் சிங்கர் என்ற ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டார். 1921இல் காந்தி அசாம் வந்தபின் காங்கிரஸ் நடத்திய அபின் எதிர்ப்பு இயக்கத்தால் சமவெளியில் நுகர்வு கணிசமாகக் குறைந்தது.

மலையில்

மலைப்பகுதிக்குள் வெளியார் செல்வதைக் கட்டுப்படுத்திய 1873ஆம் ஆண்டின் உள்கோட்டு ஒழுங்குமுறைக்குப் பின் மலைகள் சமவெளியின் நேரடி நிர்வாகத்துக்கு அப்பாலேயே இருந்தன. சமவெளிச் சட்டங்கள் அங்கு பெயரளவுக்கே எட்டின. வைத்தியர் இல்லாத ஊர்களில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, உடல்வலி எல்லாவற்றுக்கும் அபினே கைமருந்தாயிற்று.

தயாரிப்பு

குளிர்காலத்தில் வளரும் செடியின் பச்சைக் காயைக் கீறி, வழியும் பாலை நீண்ட துணிப்பட்டையால் ஒற்றியெடுத்துக் காயவைப்பர். பழுப்பேறிய அந்தத் துணி நெடுநாள் கெடாது. சுருட்டி எடுத்துச் செல்லலாம், விற்கலாம், வேலையாளுக்குக் கூலியாக வெட்டிக் கொடுக்கலாம். தேவைப்படும்போது துண்டை நீரில் கொதிக்கவைத்துச் சாற்றைச் சுண்டவைத்து, நறுக்கி உலர்த்திய வாழையிலையுடன் கலந்து மூங்கில் குழாயில் புகைப்பர்.

சட்டமும் வருமானமும்

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி உரிமமின்றி அபின் பயிரிடுவது குற்றம். உரிமம் பெற்ற சாகுபடி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் மட்டுமே நடக்கிறது. 1996இல் காடுகளின் பாதுகாப்பு தொடர்பான கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த மரம் வெட்டத் தடை, மரத்தொழிலை நம்பிய லோகித் பகுதியை முடக்கியது.  வருமானம் இழந்தோரில் பலர் அபின் பயிருக்குத் திரும்பியதாகக் கள ஆய்வாளர்கள் கூறுகின்றனர்.

இன்று

பயிரை அழிக்கும் நடவடிக்கைகள் அவ்வப்போது நடக்கின்றன. மாற்றாகப் பெரிய ஏலக்காய் சாகுபடி பரவியுள்ளது. ஆனால் ஏலக்காய்க்குச் சாலையும் சந்தையும் நிலையான விலையும் வேண்டும்; அபினைத் தேடி வியாபாரியே வீட்டுவாசலுக்கு வருகிறார். இளைஞரிடையே அபினுக்குப் பதில் ஹெராயின் பரவுவதும், ஊசிவழி எச்.ஐ.வி. தொற்றும் புதிய சிக்கல்கள். பழக்கத்தை விட முயல்வோர் கொட்டாவி, மூக்கொழுகல், மூட்டுவலி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றைத் தாங்க வேண்டும். புப்ரெனார்பின் மாத்திரை இவற்றைத் தணிக்கும். ஆனால் அதை மருத்துவக் கண்காணிப்பில் நாள்தோறும் தர வேண்டும். அதனால் மருத்துவமனைக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டிய ஊர்களில் சிகிச்சை பாதியில் நின்றுபோக வாய்ப்பு அதிகம்.