தகஸ்தே நகரின் மனைவியர்

ஆண்டுதோறும் ஆகஸ்டு 27ஆம் நாள் புனித மோனிக்காவின் திருநாளை நாம் கொண்டாடுகிறோம். வழிதவறிய மகனுக்காகக் கண்ணீர் வடித்த அன்னையாகவே மறையுரைகள் அவரை நமக்கு அறிமுகம் செய்துள்ளன. அவர் மனைவியாக வாழ்ந்த ஆண்டுகளைப் பற்றி நாம் கேட்பது குறைவு. கேட்டாலும், பொறுமையால் கணவரை வென்றார் என்னும் ஒரு தொடரோடு அது முடிந்துவிடும். ஆனால் கி.பி. 400ஐ ஒட்டி அகுஸ்தினார் எழுதி முடித்த 'அறிக்கைகள்' நூலின் 9ஆம் பகுதியில், தம் தாயின் இல்லறம் குறித்து அவர் வரைந்துள்ள பக்கங்கள் அத்துணை எளியவை அல்ல.

இன்றைய அல்ஜீரிய நாட்டின் சூக் அஹ்ராஸ் என்னும் ஊரே அன்றைய தகஸ்தே. அங்கு வாழ்ந்த பத்ரீசியுஸ் அன்புள்ளவர்தாம். ஆயினும் கடுஞ்சினம் கொண்டவர், மனைவிக்கு உண்மையாய் இராதவர். அவர் சினந்திருக்கும்போது மோனிக்கா சொல்லாலும் செயலாலும் எதிர்த்து நிற்பதில்லை. சினம் தணிந்தபின்னரே தம் பக்க நியாயத்தை எடுத்துரைப்பார். அதே ஊரில், பத்ரீசியுஸைவிடச் சாந்தமான கணவரைப் பெற்ற பெண்கள் பலர் முகத்தில் அடியின் தழும்புகளோடு நடமாடினர். தோழியர் கூடிப் பேசுகையில் அவர்கள் கணவர்மீது குறைகூற, மோனிக்காவோ விளையாட்டுப்போல் அவர்களுடைய நாவின்மீதே குற்றம் சாட்டுவாராம். திருமண ஒப்பந்தப் பலகை வாசிக்கப்பட்ட அன்றே நாம் அடிமைகளாகிவிட்டோம். இதை மனத்தில் வைத்துத் தலைவர்முன் செருக்குக் கொள்ளாதிருப்பதே தக்கது என்பது அவர் கூறிய அறிவுரை. இத்தனைச் சினமுள்ளவர் மனைவியை ஒருநாளும் அடித்ததில்லையே என்று வியந்தவர்களுக்குத் தம் வழியைக் கற்றுக்கொடுத்தார். பின்பற்றியவர்கள் நன்றி கூறினர். பின்பற்றாதவர்கள் தொடர்ந்து அடிபட்டனர் என்று அகுஸ்தினார் முடிக்கிறார்.

தாயைப் புகழவே மகன் இதை எழுதினார். நான்காம் நூற்றாண்டின் பெண்ணொருவரை இன்றைய அளவுகோலால் அளப்பது முறையன்று. வெளியேற வழியற்ற வீட்டில் உயிர்பிழைக்கும் உபாயத்தை அறிந்த ஒருத்தி, அதை மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டாள் என்றே நாம் இதைப் படிக்கிறோம். அடிமை என்ற சொல்லுக்கு அவர் சான்று காட்டியது நற்செய்தியை அன்று, ஒப்பந்தப் பலகையை என்பதும் நோக்கத்தக்கது. அதே இயலில், மறையுரைகளில் நாம் கேட்டறியாத இன்னொரு செய்தியும் உண்டு. வேலைக்காரப் பெண்களின் கோள்மொழி கேட்டு முதலில் மருமகளை வெறுத்த மாமியார், பின்னர் உண்மை உணர்ந்து மகனிடம் முறையிட, பத்ரீசியுஸ் அப்பெண்களைச் சாட்டையால் அடிப்பித்தார். வீட்டில் அமைதி திரும்பியது என்கிறார் அகுஸ்தினார். மனைவி அடிபடாத அந்த வீட்டிலும் சாட்டை ஓய்ந்திருக்கவில்லை.

அதே தலைமுறையில், கிழக்கே அந்தியோக்கியா நகரில் வேறொரு குரல் எழுந்தது. கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தை விளக்கிய புனித கிறிசோஸ்தோம் அருளப்பர், தம் 26ஆம் மறையுரையில் மனைவியை அடிக்கும் ஆடவரை நேருக்கு நேர் கண்டித்தார். மனைவியை அடிக்க வேண்டிய கட்டாயத்தைத் தரும் குற்றம் என்று எதுவுமே இல்லை என்பதை நெறியாகக் கொள்ளுமாறு கணவர்களிடம் கூறினார். அடியினால் இழிவு அடைபவள் மனைவி அல்லள், அடிப்பவனே என்றார். வேலைக்காரியை அடிப்பதுகூடத் தன்மானமுள்ள ஆடவனுக்குத் தகாது என்றும் சேர்த்துக்கொண்டார். தகஸ்தே வீட்டின் சாட்டை இங்கு நம் நினைவுக்கு வருகிறது. அலறல் தெருவெங்கும் கேட்க, ஏதோ காட்டுவிலங்கு புகுந்ததுபோல் அண்டை அயலார் ஓடிவரும் காட்சியை அவர் வருணிப்பதைப் படித்தால், கண்ணால் கண்டவர் எழுதியது என்பது புலப்படும். அடிபடும் மனைவியை மறுமைப் பலனை எண்ணிப் பொறுத்துக்கொள்ளுமாறு அவரும் சொல்லத்தான் செய்கிறார். ஆயினும், அடித்த கணவனோடு வாழுமாறு மனைவியைப் புறவினத்தாரின் சட்டம்கூட வற்புறுத்துவதில்லை என்று எடுத்துக்காட்டவும் அவர் தவறவில்லை.

இவ்விரு குரல்களுள் நம் ஊர்களை வந்தடைந்தது ஒன்றே. மோனிக்காவின் பொறுமை படமாக, நவநாளாக, திருமணப் புத்திமதியாக நம் வீடுகளுக்குள் நுழைந்தது. 'கல்லானாலும் கணவன்' என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த மண்ணில் அது எளிதாக வேரூன்றியது. கிறிசோஸ்தோமின் கண்டனம் குருமட நூலகத்தைவிட்டு வெளியே வரவில்லை.

திருச்சபையின் சட்டமும் பொறுமையை மட்டுமே கற்பித்ததன்று. மணப்பிணைப்பு அறாது, ஆனால் படுக்கையையும் பந்தியையும் பிரித்துக்கொள்ளலாம் என்ற நெறியை இடைக்காலத் திருச்சபை நீதிமன்றங்கள் வகுத்திருந்தன. கொடுமை அதற்குரிய காரணங்களுள் ஒன்று. பல காரணங்களுக்காகத் தம்பதியர் பிரிந்து வாழத் திருச்சபை தீர்ப்பளிப்பது தவறு என்போரை 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் கண்டித்தது. 1917ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1131ஆம் சட்டம் கொடுமையைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1153ஆம் சட்டம் இன்னும் தெளிவானது: துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலாலும் உள்ளத்தாலும் பெருந்தீங்கு விளைவிப்பவரைவிட்டுப் பிரிய நியாயமான காரணம் உண்டு, தாமதம் ஆபத்தாகுமெனில் எவருடைய ஆணைக்கும் காத்திராமல் தாமாகவே வெளியேறலாம். பிள்ளைகளின் பராமரிப்பையும் கல்வியையும் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது அடுத்த சட்டம்.

நாட்டுச் சட்டத்தின் கதை வேறு. 1857ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சட்டத்தை அடியொற்றி இயற்றப்பட்ட 1869ஆம் ஆண்டு இந்திய மணமுறிவுச் சட்டமே இந்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு உரியதாயிற்று. மனைவி பிறன்மனை நாடினாள் என்பது ஒன்றே கணவனுக்குப் போதும். மனைவிக்கோ அது போதாது. கணவனின் ஒழுக்கக்கேட்டோடு கொடுமையையோ ஈராண்டுக் கைவிடுதலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். அடி மட்டுமே காரணமெனில் நீதிமன்றம் தருவது பிரிந்து வாழும் ஆணை ஒன்றே. இந்த வேறுபாடு அரசியலமைப்புக்கு முரணானது என்று 1995இல் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மணமுறிவை ஏற்காத நமக்கு இதனால் என்ன என்று கேட்போர் உண்டு. சட்ட உரிமைகளையும் பிள்ளைகளின் நலனையும் காக்க வேறு வழியே இல்லாதபோது, நாட்டுச் சட்டப்படியான மணமுறிவு பொறுத்துக்கொள்ளத்தக்கது என்று 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் கூறுவதை அவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள்.

இதற்கிடையே 1983ஆம் ஆண்டு, அதுவும் கிறிஸ்து பிறப்பு நாளன்று, மனைவிக்கு இழைக்கும் கொடுமையைத் தண்டிக்கும் 498அ பிரிவு நடைமுறைக்கு வந்தது. புதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டு நவம்பரில்தான். அடிபட்ட பெண்ணுக்கு வீட்டில் தங்கும் உரிமையையும் பாதுகாப்பு ஆணையையும் தரும் குடும்ப வன்முறைச் சட்டம் 2005இல் பிறந்தது. பிரிவு சில வேளைகளில் அறநெறிப்படியே தேவையாகிவிடும் என்று 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'அன்பின் மகிழ்ச்சி' ஏட்டில் எழுதினார்.

சட்டங்கள் இவ்வளவு இருந்தும், 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழகத்தில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறியுள்ளனர். இவர்களுள் நம் ஆலயங்களில் முழந்தாளிடும் பெண்களும் உண்டு என்பதை எவரும் மறுக்கமாட்டார். திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் 1153ஆம் சட்டத்தைக் கேட்டவர் நமக்குத் தெரிந்தவரையில் மிகச் சிலரே.

பிரிவின் காரணம் நீங்கியபின், திருச்சபை அதிகாரம் வேறு விதமாகத் தீர்மானித்தாலன்றி, இல்வாழ்வை மீண்டும் தொடங்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவு. காரணம் நீங்கிற்று என்று அறிவிப்பவர் நம் ஊர்களில் பெரும்பாலும் அடித்தவரே. பெரியவர்கள் இருவரை அழைத்துக்கொண்டு பங்குத்தந்தையின் இல்லத்துக்கு வருகிறார். இனிக் குடிப்பதில்லை என்று ஆணையிடுகிறார். பெண்ணின் அண்ணன் துணிப்பையோடு அவளை அழைத்து வருகிறார். இதைச் 'சேர்த்து வைப்பது' என்கிறோம். செய்து முடித்தவர்கள் நிறைவோடு வீடு திரும்புகிறார்கள். உனக்குச் சம்மதம்தானே என்று கணவரின் முன்னிலையிலேயே அப்பெண்ணிடம் கேட்கப்படுகிறது. தனியே அழைத்துக் கேட்பது அரிது.