மட்டாஞ்சேரியில் வழிக்காசு

கொச்சிக் கோட்டையிலிருந்து மட்டாஞ்சேரி அரண்மனை நடந்துபோகிற தூரம்தான். ஆனால் 1795இல் டச்சுக்காரரிடமிருந்து கோட்டையை ஆங்கிலேயர் பிடித்த பிறகு, அந்தச் சின்ன நடைக்குள் ஓர் ஆட்சி முடிந்து இன்னோர் ஆட்சி தொடங்கியது. கோட்டைப் பக்கம் பிரிட்டிஷ் கொச்சி, இந்தப் பக்கம் மகாராஜாவின் கொச்சி. தெற்கே அரூர் போனால் திருவிதாங்கூர். மிளகு மூட்டைக்கு மூன்று எஜமான்கள்.

எல்லை இருந்தால் சுங்கச் சாவடியான சௌக்கை இருக்கும், சௌக்கை இருந்தால் சுங்கம் இருக்கும். சரக்கு கெட்டுவள்ளப் படகில் காயல் வழியே வந்தாலும் தப்ப முடியாது. வாங்கின காசுக்குப் பாதையைச் சீர்செய்து தர வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. ஆள்கிறவர் நிலத்தைக் கடக்கிறாய், கொடு, அவ்வளவுதான். புகையிலையோ அரசின் ஏகபோகம். அதனால்தான் கோயம்புத்தூர்ப் புகையிலை இருட்டில் எல்லை தாண்டியது.

1865இல்தான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. பிரிட்டிஷ் அரசும் கொச்சியும் திருவிதாங்கூரும் ஒப்பந்தம் போட்டு உள்நாட்டுச் சுங்கத்தை எடுத்தன. அப்போது கொச்சியில் திவான் சங்குண்ணி மேனன். திருவிதாங்கூரில் கும்பகோணத்தில் பிறந்த மாதவ ராவ். கடல் சுங்கத்தைப் பிரிட்டிஷ் விகிதத்துக்கு இணையாக்கிக்கொண்டார்கள்.

நான் கம்பத்திலிருந்து வந்து பஜார் ரோட்டில் மிளகுக் கிடங்குக்குக் கணக்கு எழுதுகிறவன். என் காலத்தில் வழிக்காசு வேறு உருவத்தில் திரும்பி வந்தது. 2001இல் தோப்பும்படியிலிருந்து வில்லிங்டன் தீவுக்குப் புதுப் பாலம் திறந்தார்கள். தனியார் பணம் போட்டுக் கட்டி, சுங்கம் வசூலித்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. ஊரில் இன்றும் அதற்குப் பேர் பி.ஓ.டி. பாலம். லாரி டிரைவர் சாயங்காலம் வந்து சட்டைப் பையிலிருந்து வியர்வையில் நைந்த டோல் சீட்டுகளை எடுத்து மேஜையில் பரப்புவார். எண்ணி, குண்டூசி குத்தி, ‘வழிச்செலவு’ பத்தியில் ஏற்றுவேன். முதலாளி முணுமுணுப்பார், கையெழுத்தும் போடுவார். 2014இல் வசூல் நின்றது.

அடுத்தவர் இடத்தில் காசு கொடுத்துப் போவதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இங்கிலாந்தில் சில விவசாயிகள் வயலோரப் பாதையில் குதிரை ஓட்டுகிறவர்களிடம் சந்தா வாங்குகிறார்கள். போக்குவரத்து நிறைந்த ரோட்டுக்குப் பயந்தவருக்கு நிம்மதியான சவாரி, நிலக்காரருக்கு வருமானம். வேண்டாதவர் சந்தா கட்டாமல் இருந்துவிடலாம். சௌக்கையில் நின்ற வியாபாரிக்கு அந்தச் சலுகை இல்லை. வேறு வழியே கிடையாது. பாலத்தில் காசு கொடுத்தவருக்குக் கடக்க ஒரு பாலமாவது கிடைத்தது, வசூலுக்கு ஒரு காலக்கெடுவும் இருந்தது. வழிக்காசு நியாயமா என்று கேட்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பதிலுக்கு என்ன தருகிறார்கள், எந்த வருஷம் வரை?