காயிதே ஆஸம் பிறந்த தினம்

பாகிஸ்தானின் ஸ்தாபகர் முஹம்மது அலி ஜின்னா 1876 இல் கராச்சியில் பிறந்தார். அவரது பிறந்த தினமான டிசம்பர் 25 அந்நாட்டின் தேசிய விடுமுறை தினமாகும். அன்று கராச்சியிலுள்ள அவரது அடக்கஸ்தலத்தில் காவலர் மாறும் அணிவகுப்பு நடைபெறும். நத்தார் பண்டிகையும் அன்றே வருவதால் கிறிஸ்தவ சிறுபான்மையினருக்கும் அது திருநாளாகும்.

1947 ஆகஸ்ட் 11 ஆம் திகதி அரசியல் நிர்ணய சபையில் உரையாற்றிய ஜின்னா, எம்மதத்தவராயினும் அனைவரும் சமமான பிரஜைகளே என உறுதியளித்தார். அடுத்த ஆண்டு செப்டெம்பர் 11 இல் அவர் காலமானார். 1956 ஆம் ஆண்டின் அரசியலமைப்போ ஜனாதிபதிப் பதவியை முஸ்லிம்களுக்கு மட்டுமே உரியதாக்கியது. 1973 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பிரதமர் பதவியையும் அவ்வாறே வரையறுத்தது. தலைவரின் பிறப்பைக் கொண்டாடும் தேசம் அவரது வாக்கையும் காத்தல் வேண்டும். சிறுபான்மையினர் வாழும் நாடுகள் அனைத்திற்கும் இது பொருந்தும்.