பூவைப் பார்த்த பெயரும் அடிமரத்தைப் பார்த்த பெயரும்

ஆங்கிலத்தில் 'கிரேப் மிர்ட்டில்' எனப்படும் பூஞ்செடிக்கு நாட்டுக்கு நாடு வேறு பெயர். ஒரு மொழி அதன் இதழைப் பார்த்துப் பெயரிட்டது, ஒன்று பூக்கும் நாள்களை எண்ணிப் பெயரிட்டது, இன்னொன்று அடிமரத்தைத் தடவிப் பார்த்துப் பெயரிட்டது. பெயர் எந்த உறுப்பைச் சுட்டியதோ அதைத்தான் வளர்ப்பவரின் கை பேணுகிறது. பெயர் சொல்லாமல் விட்ட உறுப்பு எளிதில் வெட்டுக்கு ஆளாகிறது. இந்தச் செடியின் சொல் வரலாற்றைத் தொடரும்போது எனக்குத் தெளிவாகும் உண்மை இதுதான்.

'கிரேப்' என்பது சுருக்கம் விழ நெய்த துணி. சுருண்டது எனப் பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மெல்லிய காம்பில் விரிந்து, ஓரமெல்லாம் நெளிந்திருக்கும் இதழுக்கு அது பொருத்தமான பெயர்தான். 'மிர்ட்டில்' மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒரு நறுமணப் புதர். இலைச் சாயலை வைத்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. குடும்பத்தால் நம் செடி மருதாணிக்கும் மாதுளைக்கும் உறவு. அறிவியல் பெயரோ செடியின் எந்த உறுப்பையும் பார்க்கவில்லை. 1759-இல் லின்னேயசு 'லாகர்ஸ்ட்ரோமியா இண்டிகா' என்று எழுதியபோது, தமக்குக் கீழ்த்திசைச் செடிகளைத் தருவித்துக் கொடுத்த சுவீடன் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாக்னஸ் லாகர்ஸ்ட்ரோமுக்கு நன்றிக்கடன் செலுத்தினார். ஆக ஐரோப்பியப் பெயர்களில் ஒன்று பூவோடும் இலையோடும் நின்றது, மற்றொன்று வணிகரிடம் போயிற்று. அடிமரத்தை இரண்டுமே கவனிக்கவில்லை.

செடியை நெடுங்காலம் முற்றத்தில் வைத்துப் பார்த்தவர்கள் வேறுவிதமாகப் பெயரிட்டார்கள். சீனத்தில் இதன் இலக்கியப் பெயர் ட்ஸிவெய். தாங் அரசவை 713-இல் தன் மையச் செயலகத்துக்கு, வானின் ஒரு மண்டலத்தைக் குறிக்கும் அதே ஒலியுள்ள பெயரைச் சூட்டியது. அங்கே இந்தச் செடியும் நின்றது. மக்கள் வழக்கில் இது 'நூறு நாள் சிவப்பு'. கோடை முழுக்க விடாமல் பூப்பதைக் கண்டவர்கள் இட்ட பெயர். அடிமரத்தைச் சொறிந்தால் கிளை நுனி நடுங்கும் என்று 'கூச்ச மரம்' என்றும் சொன்னார்கள். ஜப்பானியர் 'சாருசுபெரி', அதாவது குரங்கும் வழுக்கி விழும் மரம் என்றார்கள். இதில் கற்பனை குறைவு, கவனிப்பு அதிகம். முதிர்ந்த செடியின் பட்டை ஆண்டுதோறும் செதில் செதிலாக உரிந்து, அடியில் சாம்பல், வெளிர்பச்சை, இலவங்கப்பட்டை நிறங்கள் திட்டுத் திட்டாகத் தெரியும். இலையும் பூவும் இல்லாத குளிர்காலத்தில் இந்தச் செடிக்கு அழகு அது ஒன்றுதான்.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் தென்கரோலினாவுக்கு வந்த இச்செடி, தென் மாநிலங்களின் வீட்டு முற்றமெங்கும் பரவியது. கூடவே வந்தது பூவையும் இலையையும் மட்டும் சொல்லும் பெயர். குளிர்காலம் முடியும் தறுவாயில் தடித்த கிளைகளை ஒரே மட்டமாக மொட்டையடிக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. அதைக் கண்டு நொந்த தோட்டக்கலையினர் 'மிர்ட்டில்' என்பதைத் திருப்பி 'கிரேப் மர்டர்', அதாவது கொலை, என்று புதுப்பெயர் படைத்தார்கள். வெட்டுபவர்களிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. பூங்கொத்து அந்த ஆண்டின் புதுத் தளிரில்தான் வரும். வெட்டினால் தளிர் வரும், தளிர் வந்தால் பூ வரும் என்பார்கள். முதல் பாதி முழு உண்மை. ஆனால் வெட்டாவிட்டாலும் ஆண்டுதோறும் தளிர் வரத்தானே செய்யும்! மொட்டையடித்த இடத்தில் மெலிந்து நீண்ட குச்சிகள் கும்பலாகக் கிளம்பும். மழை நனைத்த பூங்கொத்தின் பாரத்தை அவை தாங்குவதில்லை, வளைந்து தொங்கும். வெட்டிய இடம் ஆண்டுக்கு ஆண்டு முண்டாகத் திரளும். பட்டை உரிந்து மெருகேறும் அடிமரம் உருவாகவே வழியில்லை.

பெயருக்கும் கத்திக்கும் என்ன தொடர்பு, சொல்லின் வேர் தெரிந்தா ஒருவர் கவாத்து செய்கிறார் என்று கேட்கலாம். வேர்ச்சொல் தெரிய வேண்டியதில்லை. பெயர் தரும் எதிர்பார்ப்பே போதும். டெக்சாஸ் மாநிலம் 1997-இல் இதைத் தன் மாநிலப் புதராக அறிவித்தது. புதர் என்று கேட்டவர் சன்னலுக்குக் கீழே நடுகிறார். அது இருபது அடியைத் தாண்டும்போது அரிவாளைத் தேடுகிறார். இடத்துக்கு மீறி வளர்வதுதான் குறை என்றால் அதற்கு மருந்து நாற்றுப்பண்ணையில் இருக்கிறது. முழங்கால் உயரக் குட்டை வகையிலிருந்து பெருமரம் வரை இன்று கிடைக்கின்றன. அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவின் டொனால்ட் ஈகொல்ஃப், ஜப்பானிய இனமான ஃபௌரியையை இண்டிகாவோடு கலந்து சாம்பல் நோயைத் தாங்கும் வகைகளை உருவாக்கினார். 1978-இல் வெளிவந்த 'நாச்செஸ்' அவற்றில் ஒன்று. அதன் வெள்ளைப் பூவுக்கு இணையாக இலவங்க நிறப் பட்டையும் புகழ்பெற்றது. சாருசுபெரி என்ற பெயர் பார்த்ததை அமெரிக்கத் தோட்டம் அப்போதுதான் பார்த்தது என்பேன்.

தமிழுக்கு இங்கே உண்மையான பங்கு உண்டு. இதே பேரினத்தின் பெருமரமான லாகர்ஸ்ட்ரோமியா ஸ்பெசியோசாவை நாம் பூமருது என்கிறோம். ஆற்றங்கரை நீர்மருதின் பட்டையும் வழவழப்பாக, வெளிறி, ஏடு ஏடாக உரிவதுதான். அந்த ஒப்புமையே பெயருக்குக் காரணம் என்று எண்ணுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் இன்னொரு உறவினம் வெந்தேக்கு. ஆங்கில மரவணிகர் அச்சொல்லை 'பென்டீக்' என்று எடுத்துக்கொண்டார்கள். பூமருது மருதின் குடும்பமில்லையே, நம் பெயரும் ஆங்கிலப் பெயரைப் போலப் பிழைதானே என்பார் உண்டு. குடும்பம் வேறுதான், ஆனால் மருது, மிர்ட்டில், பூமருது மூன்றையும் தாவரவியல் ஒரே வரிசையில், மிர்ட்டேல்ஸில் வைக்கிறது. இரு நாட்டுப் பொதுமக்களின் கண்ணும் அவ்வளவு தவறவில்லை. மேலும் பூமருது என்ற சொல்லில் பூவும் இருக்கிறது, மரமும் இருக்கிறது.

ஆகவே இதை நடுபவர்களுக்கு என் வேண்டுகோள் இது. வளர்ந்தபின் எவ்வளவு உயரும் என்று கேட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படும், நீர் தேங்காத இடத்தில் வையுங்கள். நிழலில் பூ குறையும், சாம்பல் நோய் ஏறும். தழைச்சத்தை அளவோடு போடுங்கள். மிகுந்தால் இலைதான் மண்டும். இலையுதிர்ந்த காலத்தின் கடைசியில் காய்ந்தவை, உரசும் கிளைகள், தூரிலிருந்து கிளம்பும் போத்துகள் ஆகியவற்றை மட்டும் அடியோடு நீக்குங்கள். அடிமரத்தில் கத்தி வைக்காதீர்கள்.