கரையைக் காத்த கைகள்



கடற்கரையைத் துப்புரவு செய்யும் தொண்டிற்குச் சென்று வந்த மாணவன் ஒருவன் என்னிடம் இவ்வாறு கேட்டான்: "ஐயா, இன்று நாங்கள் குப்பையை அள்ளினோம். நாளை அலை மறுபடியும் கொண்டுவந்து ஒதுக்கிவிடுமே! இதனால் என்ன பயன்?" நியாயமான கேள்விதான். அதற்கு விடையாக, பசிபிக் மாகடலின் ஓரத்திலே, அமெரிக்க நாட்டின் ஒரிகன் மாநிலத்தில் நிகழ்ந்த வரலாறொன்றைக் கூற விழைகின்றேன்.

அம்மாநிலத்தின் கரைக்கு அப்பால், மூன்று வளைவுப் பாறைகள் எனப் பெயர் பெற்ற சிறு பாறைத் தீவுகள் உள்ளன. பஃபின் முதலிய கடற்பறவைகள் அங்கே பெருந்திரளாகக் கூடிக் குஞ்சு பொரிக்கின்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேட்டைக்காரர்கள் படகேறி வந்து, உணவுக்காக அன்றி வெறும் பொழுதுபோக்குக்காகவே அப்பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். வில்லியம் ஃபின்லி, ஹெர்மன் போல்மன் என்னும் நண்பர் இருவர் 1903-ஆம் ஆண்டில் அப்பாறைமீது தங்கி, பறவைகளின் வாழ்க்கையை நிழற்படமாக்கினர். ஃபின்லி அப்படங்களைக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் காட்டினார். 1907-இல் அப்பாறைகள் வனவுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டன.

பறவைக்குப் பாறை கிடைத்தது. மக்களுக்குக் கரை கிடைத்ததா? 1913-இல் ஒரிகன் அரசு, அலை நனைக்கும் மணற்பரப்பைப் பொதுவழி என அறிவித்தது. 1967-ஆம் ஆண்டுச் சட்டமோ உலர்ந்த மணலிலும் மக்களின் உரிமையை நிலைநாட்டிற்று. ஆனால், உரிமை பெற்றவனுக்குக் கடமையும் உண்டன்றோ?

அக்கடமையை நினைவூட்டியது பிளாஸ்டிக். பறவைகள் அதன் துணுக்குகளை இரையென எண்ணி விழுங்கின. அறுந்த வலைகளிற் சிக்கியும் மாண்டன. துப்பாக்கியைத் தடுத்த ஆணையால் அலையைத் தடுக்க இயலவில்லை. ஒரிகன் மாநில வனவுயிர்த் துறையிற் பணியாற்றிய ஜூடி நீல்சன் என்னும் அம்மையார் பொதுமக்களை அழைத்தார். 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள், ஏறத்தாழ 2,100 பேர் மாநிலக் கரையெங்கும் திரண்டு, 26 டன் குப்பையை அகற்றினர்.

1986-இல் டெக்சஸ் மாநிலக் கரையில் 2,800 பேர் கூடினர். அவர்கள் குப்பையை அள்ளியதோடு அமையாது, இன்ன பொருள் இத்தனை என அட்டையில் எழுதினர். கப்பல்களிலிருந்து எறியப்பட்டவை பல என்பது அதனாற் புலனாயிற்று. கப்பல்கள் பிளாஸ்டிக்கைக் கடலில் எறிதலைத் தடுக்கும் பன்னாட்டு விதியை அமெரிக்கா ஏற்க வேண்டும் என்று வாதிட்டவர்களுக்கு அக்கணக்கு துணையாயிற்று. 1987-இல் அந்நாடு அதனை ஏற்றது. 1988-ஆம் ஆண்டு இறுதியில் விதி நடைமுறைக்கு வந்தது.

மாணவர்களே! கை அள்ளிய குப்பை ஒரு நாளைக்குக் கரையைத் தூய்மையாக்கும். கை எழுதிய கணக்கு சட்டத்தையே உருவாக்கத் துணைபுரியும். ஆகவே, நீங்கள் இத்தொண்டிற்குச் செல்லும்போது சாக்குப்பையோடு ஏடும் எழுதுகோலும் எடுத்துச் செல்லுங்கள். கூடுகளை நெருங்காதீர்கள். ஒதுங்கிய கடற்பாசியைக் குப்பையென்று அள்ளாதீர்கள். சிற்றுயிர்களுக்கு அதுவே வீடு.

அலை மீண்டும் வரும் என்பது உண்மையே. ஆனால், அது எதைக் கொண்டுவரும் என்பது நம் கையில் இருக்கின்றது.