கோடரி பிடித்தவனும் எல்லை காத்தவனும்

அமெரிக்க மரவெட்டிகள் குளிர்கால முகாம்களில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து அளந்த கதைகளில் வளர்ந்தவன் பால் பன்யன். மலைபோல் உடம்பு; துணைக்கு ‘பேப்’ என்ற நீல எருது. கோடரியை வீசினால் காடே சாயும். 1914-இல் ரெட் ரிவர் என்ற மரக் கம்பெனி அவனைத் தன் விளம்பரச் சிறுநூலில் ஏற்றியது. தொழிலாளி கட்டிய கதை முதலாளி சரக்கை விற்கப் போனது.

அதே காலத்தில் மலாயாவின் நெகிரி செம்பிலானிலும் காடுகள் சாய்ந்துகொண்டிருந்தன. 1908-இல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. டயருக்கு ரப்பர் தேடினார்கள்; 1910-இல் அதன் விலை உச்சம் தொட்டது. சிரம்பான், ரந்தாவ், சிலியாவ் பக்கம் பால்மரக் கன்றுகள் ஏறின. பெருமரங்களை வீழ்த்தும் குத்தகை பல இடங்களில் மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் கையில் இருந்தது. எரிந்த காட்டில் குழி வெட்டி, கன்று நட்டு, லாலான் புல்லோடு மல்லுக்கட்டியவர்களில் பெரும்பாலோர் கங்காணிகள் கூட்டிவந்த நம் சனங்கள்.

காட்டை அழித்து நீரை வடித்தால் காய்ச்சல் ஓடும் என்பது டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளான் சமவெளியில் கண்ட உண்மை. மலைச்சரிவில் நடந்ததோ நேர்மாறு. நிழல் போனதும், வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் வேறொரு மலேரியாக் கொசு பெருகியது. கோடரி விழுந்த இடத்திலேயே காய்ச்சல் பிடித்தது. வரிசை வீடுகளான லயங்களில், லயம் லயமாகச் சனங்கள் படுத்தார்கள். பலர் எழுந்திருக்கவே இல்லை.

காட்டைச் சாய்ப்பவனை அவர்கள் எப்படிக் கொண்டாடுவார்கள்? அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு காவல்காரன். ஊரிலிருந்து காவல் தெய்வம் முனியாண்டியைக் கூட்டிவந்தார்கள். அவனும் பேருருவம்தான், முறுக்கிய மீசை, உருட்டு விழி, கையில் அரிவாள். ஆனால் அவன் குடியிருப்பு மரத்தடி. வெட்டாமல் விட்ட ஒரு மரம், அடியில் மஞ்சள் பூசிய கல், பக்கத்தில் நட்ட சூலம், அவ்வளவுதான் கோயில். விடியுமுன் பெரட்டில் ஆள் கணக்கெடுப்பு முடிந்து, வாளியும் கத்தியுமாக நிரைக்குப் போகிறவர் அங்கே ஒரு கணம் நிற்பார். பூசை நாளில் சேவலும் சாராயமும் படைத்து, சுருட்டைப் பற்றவைத்துக் கல்லின் மேல் வைப்பார்கள். நள்ளிரவில் முனியாண்டியின் குதிரைக் குளம்பொலி கேட்டதாகச் சொல்லும் கதைகளைத் தோட்டத்துப் பெரியவர்களிடம் இன்றும் கேட்கலாம். எந்தக் கம்பெனியும் அச்சிட்டுத் தராத கதைகள் அவை. அதனாலேயே எனக்கு அவை அருமையானவை.

பிறகு செம்பனை வந்தது. நீலாய், லாபு பக்கம் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் இடிந்த பிறகும் முனியாண்டிக்குத் திருவிழா என்றால், பட்டணத்தில் குடியேறிய பிள்ளைகள் கார் போட்டு வருகிறார்கள்; கல்லுக்கு மஞ்சள் பூசுகிறார்கள்.

(தொடரும்)